என்ன சாப்பிட்டே?

"லீவுல வீட்டுக்குப் போனியே, என்ன சாப்பிட்டே?"

"சோறு."

ஆராய்ச்சிக்காரி அடுத்த பெண்ணைக் கேட்டாள். அவளும் "சோறு" என்றாள். அதற்கடுத்தவளும் அதையேதான் சொன்னாள்.

"சரி, தொட்டுக்க?"

அந்தப் பெண் திணறிப்போய் அறையின் மூலையைப் பார்த்தாள். பிறகு, "சோறு" என்றாள்.

"சோத்துக்குத் தொட்டுக்கவும் சோறா! நல்லா இருக்கே!"

ஆராய்ச்சிக்காரி சிரித்தாள். கூடச் சிரிக்க அறையில் ஒருவரும் இல்லை.

மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் வார்டனம்மா. கனத்த உடம்பு, மடியில் சாவிக்கொத்து. மலையிலிருந்து வரும் பழங்குடிப் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதி அது. வாயைத் திறக்கும் முன் ஒவ்வொருத்தியும் அந்த மூலையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

ஆராய்ச்சிக்காரி வந்த வேலை சின்ன வேலை இல்லை. மலைப் பிள்ளைகள் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள், பள்ளிக்கூடம் ஏன் அவர்களுக்கு ஒட்டமாட்டேன் என்கிறது என்று அவள் எழுதிக் கொடுத்தால், அரசாங்கம் அதை வைத்து ஒரு திட்டம் போடப் போகிறது.

ஆனால் இப்போது திட்டமெல்லாம் அவளுக்கு மறந்துபோயிருந்தது. கடைசி பெஞ்சில் இருந்த சின்னப் பெண்ணிடம் பேரைத்தான் கேட்டாள். அதற்கே உதடு துடித்தது. இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, பல் கிட்டிப்போன மாதிரி உட்கார்ந்திருந்தது.

இந்த அம்மா பிள்ளைகளை என்னதான் செய்கிறாள்? ஆராய்ச்சிக்காரி மூலைப் பக்கம் திரும்பினாள்.

"மேடம், நீங்க கொஞ்சம் வெளியே இருக்கலாமே. பிள்ளைங்க பயப்படுதுங்க."

"பயப்படட்டும்."

"தனியாப் பேசறதுதான் எங்க முறை."

"அந்த முறையை உங்க ஆபீஸ்ல வச்சுக்குங்க. இங்க பிள்ளைங்க இருக்கிற இடத்துல நான் இருப்பேன்."

"நான் மேலிடத்துக்கு எழுதினா உங்க வேலையே போயிடும். தெரியுமா?"

"தாராளமா எழுதுங்க. எழுதத்தானே வந்திருக்கீங்க."

வாசலில் லாரி ஹாரன் அடித்தது. ஒருமுறை, மறுமுறை, பிறகு விடாமல். கேட்டுச் சாவி வார்டனம்மாவின் மடியில் இருந்தது. வேறு வழியில்லாமல் எழுந்தாள்.

"எல்லாரும் வகுப்புக்குப் போங்க. ம், ஓடு!"

அதட்டிவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். பிள்ளைகள் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடின. சின்னப் பெண் ஓடுவதற்குள் ஆராய்ச்சிக்காரி அதன் கையைப் பிடித்துவிட்டாள். கை சில்லென்று இருந்தது.

கீழே மண்டி போட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பயப்படாதே கண்ணு. அக்கா இருக்கேன். அந்தம்மா அடிப்பாங்களா?"

இல்லை என்று தலை ஆடியது.

"சூடு வைப்பாங்களா? சாப்பாடு போடாம ரூம்ல பூட்டி வைப்பாங்களா?"

எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றே தலை ஆடியது. இவ்வளவு பயமுறுத்தி வைத்திருக்கிறாளே, பாவி! இன்றைக்கு இந்தக் குழந்தையை இங்கே விட்டுவிட்டுப் போனால் தனக்குத் தூக்கம் வராது என்று நினைத்துக்கொண்டாள். பேச்சைப் பதிவு செய்துகொண்டிருந்த ரிக்கார்டரை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தினாள்.

"நீ எதைச் சொன்னாலும் இந்த ரூமைத் தாண்டாது. உன் பேரைக்கூட மாத்தித்தான் எழுதுவேன். சத்தியமா."

குழந்தை வீறிட்டது. கையை உதறிக்கொண்டு ஓடியது. எங்கேயாவது விழுந்து தொலைக்கப் போகிறதே என்று ஆராய்ச்சிக்காரியும் ரிக்கார்டரோடு பின்னாலேயே ஓடினாள்.

அது வகுப்புப் பக்கம் திரும்பவில்லை. நேரே கேட்டுக்கு ஓடி, வார்டனம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டது.

ஆராய்ச்சிக்காரி அப்படியே நின்றுவிட்டாள்.

வார்டனம்மா குழந்தையின் தலையில் கையை வைத்தாள். இத்தனை நேரம் இல்லாத குரலில் கேட்டாள்.

"பேரை மாத்திடுவேன்னு சொன்னீங்களா?"

"ஆமா… அது எங்க வழக்கம்."

"போன வருஷம் வந்த பொண்ணும் அதையேதான் சொல்லிச்சு. உங்களை மாதிரி நல்ல பொண்ணுதான், குறை சொல்லக்கூடாது. வீட்ல என்ன சாப்பிட்டேன்னு இதே மாதிரி கேட்டுச்சு. அப்பா மான் கொண்டுவந்த கதையை இவ ஆடியே காட்டிட்டா. எப்படிப் பதுங்குனாரு, எப்படித் தோள்ல போட்டுட்டு வந்தாருன்னு. நாங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

"அப்புறம்?"

"சொன்னபடியே பேரை மாத்தித்தான் புத்தகத்துல போட்டாங்க. ஊர்ப் பேரை மாத்தலை. அந்த ஊர்ல இருக்கிறதே ஏழு வீடு. வனத்துறைக்காரங்களுக்கு ஆளைக் கண்டுபிடிக்கிறது என்ன பெரிய காரியமா?"

"இவ அப்பா…?"

"இன்னும் உள்ளதான் இருக்காரு."

ஆராய்ச்சிக்காரியின் கையில் ரிக்கார்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைக்கிற பொத்தான் எதுவென்று சட்டென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"யார் என்ன கேட்டாலும் சோறுன்னு சொல்லுங்கன்னு பழக்கினது நான்தான். பொய்தான். அதையும் சேர்த்து எழுதிக்குங்க" என்றாள் வார்டனம்மா.

குழந்தை முகத்தை எடுக்கவே இல்லை.

"வாயாடின்னுதான் இவளை இங்க எல்லாரும் கூப்பிடுவோம். இப்ப நாலு வார்த்தை பேச வைக்க நான் கெஞ்ச வேண்டியிருக்கு. இவ என்னைப் பார்த்து நடுங்குறான்னு நினைச்சீங்க. இவ வாயைப் பார்த்து இவளே நடுங்குறாம்மா."