நாற்பது மார்க் அமைதி

“என் தம்பி ஆத்துக்கு வர நான் யாரைக் கேக்கணும்—”

“அக்கா, மெதுவா—”

“—முப்பது வருஷமா வந்துண்டிருக்கேன், இன்னிக்கு என்னடி புதுசா—”

“—மெதுவான்னா மெதுவா. மணி இன்னும் மூணு ஆகலை.”

வாகட் என்ற மராத்திப் பேட்டையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம், ஏ விங், ஏழாவது மாடி. கம்பிக் கதவுக்கு வெளியே பாலாம்பாள், கையில் அடை டப்பாவோடு. உள்ளே அவள் தம்பி மனைவி வைஜயந்தி, உதட்டில் விரலோடு.

ஒருத்தி கத்தினாள். ஒருத்தி கிசுகிசுத்தாள். கிசுகிசுத்தவள்தான் ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

“மூணு மணிக்குத்தானே டெர்மின் வாங்கிண்டேள்? இப்போ ரெண்டு அம்பதுதான் ஆறது.”

டெர்மின் என்றால் முன்கூட்டியே கேட்டு வாங்கும் நேரம். ஜெர்மனியில் அக்கா தம்பி வீட்டுக்குப் போவதானாலும் அது வேண்டும் என்று வைஜயந்தி சொல்லியிருந்தாள். நேற்றே வாட்ஸாப்பில் கேட்டு, கட்டைவிரல் படம் வாங்கியிருந்தாள் பாலாம்பாள்.

எல்லாம் வைஜயந்தியின் பிள்ளை ஷ்ரேயஸின் படிப்பால் வந்தது. யூனிவர்சிட்டியில் எம்.ஏ. ஜெர்மன். மொழி மட்டும் படித்தால் போதாதாம்; அவர்கள் வாழ்கிற மாதிரி குடும்பத்தோடு வாழ்ந்து பார்த்து எழுத வேண்டுமாம். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை வீட்டில் சத்தம் கூடாது. டெர்மின் இல்லாமல் யாரும் வரக்கூடாது. நாற்பது மார்க்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் சட்டம் இல்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

விதிகளை ஓர் அட்டையில் எழுதி, ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லாமினேட் செய்து வைத்திருந்தாள் வைஜயந்தி. காலண்டருக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து வந்து கம்பி வழியாகக் காட்டினாள்.

“காட்டாதே. நூறு தடவை பார்த்தாச்சு. அடை ஆறிப்போறதேன்னு பார்த்தேன்.”

“போன மாசம் இப்படித்தான் முன்னாலேயே வந்து, துவையல் அரைக்கறேன்னு மிக்ஸி போட்டேள். நாலு மார்க் போச்சு.”

பாலாம்பாளின் குரல் இறங்கியது. அந்த நாலு மார்க்குக்காக அவள் பிள்ளையாருக்கு நாலு தேங்காய் உடைத்திருந்தாள். மருமான் ஜெர்மனிக்குப் போகப்போகிறான் என்று பி விங் முழுக்கச் சொல்லி வைத்தவள் அவள்தானே.

பி விங்கில்தான் குடியிருந்தாள். முன்பெல்லாம் ஒரு மணிக்குச் சாப்பிட்டுக் கை கழுவியதும் இங்கே வந்துவிடுவாள். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பாள். சாம்பாரை மோந்து பார்ப்பாள். டிவியைப் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்து, “நீ உன் வேலையைப் பாரு, நான் பாட்டுக்கு இருக்கேன்” என்பாள்.

இப்போது அந்த இரண்டு மணி நேரமும் வைஜயந்தி பால்கனி நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் செய்யமாட்டாள். பிள்ளையின் மார்க்குக்காக.

“கிச்சா எங்கே? அவனைக் கூப்பிடு. அவன் சொல்லட்டும்.”

வைஜயந்தி பாலாம்பாளின் முதுகுப் பக்கம் கையைக் காட்டினாள்.

மாடிப்படியில் தம்பி கிருஷ்ணஸ்வாமி உட்கார்ந்திருந்தார். மடியில் கறிவேப்பிலையும் தயிர் பாக்கெட்டும்.

“நீ எப்போடா வந்தே?”

அவர் இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு மணிக்கு.

“கட்டின புருஷனுக்கும் டெர்மினா!”

“அவருக்கு எதுக்கு டெர்மின்? சொந்த ஆத்துக்கு வரவாளுக்கு வேண்டாம். கதவைத் திறந்தா கிறீச்சுங்கறது, அவ்வளவுதான்.”

பாலாம்பாளுக்குத் தம்பியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வங்கியில் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். எத்தனையோ பேருக்கு லோன் இல்லை என்று சொன்னவர், அக்காவிடம் ஒரு தடவைகூட ‘அப்புறம் வா’ என்று சொன்னதில்லை. ‘அக்காகிட்டே சொல்றேன், சொல்றேன்’ என்று மனைவியிடம் மட்டும் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு ஐம்பத்தாறுக்கு லிஃப்ட் திறந்தது. ஷ்ரேயஸ். ஞாயிறு தவிர மற்ற நாளில் ஆறு மணிக்கு முன்னால் வீடு திரும்பாதவன். இன்றைக்குக் கடைசி இரண்டு வகுப்பும் இல்லையாம்.

“அரே, அத்தை! ஏன் பாஹர் நிக்கறேள்?”

“உஷ்!” இப்போது கிசுகிசுத்தது பாலாம்பாள். “எல்லாம் உன் ப்ராஜெக்ட்டுக்காகத்தான்டா கண்ணா.”

“எந்த ப்ராஜெக்ட்?”

“அதான்டா, அந்த நாப்பது மார்க்.”

“ஓ, வோ? அதுவா?” அவன் சிரித்தான். “அது ஒன்லி ஒரு வாரம்தானே, அத்தை. போன வருஷமே குடுத்தாச்சு. தர்ட்டி எய்ட் வந்தது.”

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

லாமினேட் அட்டை இன்னும் கம்பிக்கு நடுவில் நின்றது. வைஜயந்தி ஒரு கையால் அதைப் பிடித்திருந்தாள். இன்னொரு கை தாழ்ப்பாளுக்குப் போனது. நாளையிலிருந்து ஒரு மணிக்கு இந்தக் கதவு திறந்தேதான் இருக்கும்.

பாலாம்பாள் மூச்சை இழுத்துக்கொண்டாள். பிறகு ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் கேட்கிற மாதிரி, “கேட்டியாடா கிச்சா? கேட்டியா? கதவைத் திறக்கச் சொல்லுடா அவளை!”

கிருஷ்ணஸ்வாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தயிர் பாக்கெட்டை அந்தப் பக்கம் எடுத்து வைத்து, படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

“இன்னும் நாலு நிமிஷம் இருக்கு, அக்கா. உக்காரு.”