ஐந்தாவது சுற்று

"மாசாமாசம் என் பேங்க் கணக்குல கையை விட்டு எடுத்துக்கிட்டே இருப்பீங்க. இதுக்குப் பேரு தர்மமா, வாடகையா?"

தோ பாயோ ரயில் நிலைய வாசலில், போகிறவர் வருகிறவர் திரும்பிப் பார்க்கும் குரலில் கேட்டார் சியா பூன் ஹெங். அறுபத்தெட்டு வயது. வெள்ளைச் சட்டை, பையில் பேனா. ஓய்வு பெற்று எட்டு வருடமாகியும் அந்தப் பேனா இன்னும் யாருடைய விடுப்பு விண்ணப்பத்துக்கோ காத்திருந்தது.

எதிரே ஆரஞ்சு மேலங்கியும் கையில் டேப்லெட்டுமாக ஓர் அம்மாள் நின்றாள். கிட்டத்தட்ட அவர் வயதுதான். தனியாக வாழும் முதியவர்களுக்குச் சாப்பாடு போடும் ஒரு சங்கத்துக்கு மாதச் சந்தாதாரர்களைச் சேர்க்கும் வேலை. சும்மா இல்லை, சம்பளத்துக்கு. அதுதான் சியாவுக்குப் பொறுக்கவில்லை.

"வாடகைன்னே வச்சுக்குங்க சார். பசிக்குப் பேரு முக்கியமில்லை," என்றாள் அந்த அம்மாள்.

மதியத்திலிருந்து சியா இந்த வாசலைக் கடப்பது இது நான்காவது முறை. முதலில் குடை வாங்கப் போனார். பிறகு குடையை மாற்றப் போனார். பிறகு மாற்றிய குடை பிடிக்காமல் பழையதையே கேட்டு வாங்கப் போனார். ஒவ்வொரு முறையும் நின்று, ஒரு குறையைச் சொல்லிவிட்டே நகர்ந்தார்.

மேற்பார்வையாளர் ஸுல்ஹில்மி ஓடி வந்தான். இருபத்தைந்து வயது; பயிற்சி வகுப்பில் கொடுத்த சிரிப்பு. தங்கள் ஆட்கள் கண்ணியமானவர்கள் என்று அவருக்கு விளக்கினான். யாரையும் ஐந்தடிக்கு மேல் பின்தொடரக் கூடாது, சொந்த வீட்டு மனிதர்களிடம் கையெழுத்து வாங்கக் கூடாது, வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்றெல்லாம் விதி இருக்கிறதாம். கையோடு அம்மாளுக்கும் ஒன்றை நினைவூட்டினான். இரண்டு வாரச் சோதனைக் காலம் இன்று ஆறு மணிக்கு முடிகிறது. சேர்க்க வேண்டிய இருபது பேரில் ஒருவர் குறைகிறார். கிடைக்காவிட்டால் மேலங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

அம்மாள் தலையாட்டினாள். மேலங்கியின் ஓரத்தை ஒரு தடவை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"முப்பத்தஞ்சு வருஷம் அரசாங்க வேலை பார்த்தவன் நான்," என்றார் சியா ஸுல்ஹில்மியிடம். "ஒரு பொய்யான வரி எழுதினதில்லை, சொன்னதில்லை. அதனால உள்ளதைச் சொல்றேன். எங்க காலத்துக் கொடி நாள் எப்படி இருந்துச்சு தெரியுமா தம்பி?"

ஸுல்ஹில்மிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பயிற்சி வகுப்பில் அதற்கும் ஒரு முகம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

எழுபத்து நான்காம் வருடம், நார்த் பிரிட்ஜ் ரோட்டில் ஒரு துணிக்கடை வாசல். பள்ளிச் சீருடையில் ஒரு பெண், கையில் தகர டப்பா. பத்துக் காசு போட்டால் காகிதக் கொடியைக் குண்டூசியால் சட்டையில் குத்திவிடுவாள். நெஞ்சில் கொடி இருந்தால் அன்று முழுக்க வேறு யாரும் டப்பாவை நீட்ட மாட்டார்கள். மற்றவர்கள் அதற்காகவே குத்திக்கொண்டார்கள். சியா மட்டும் அடுத்த சந்துக்குள் போய்க் கொடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல மறுபடி அந்த வழியே வந்தார்.

"எத்தனை தடவை அங்கிள்?" ஸுல்ஹில்மியின் முகம் இப்போது அவனுடையதாகவே மாறியிருந்தது.

"அஞ்சு. பஸ் காசும் போச்சு. வீட்டுக்கு நடந்துதான் போனேன்."

"அந்தப் பொண்ணுக்கு ரெண்டாவது தடவையே தெரிஞ்சிருக்கும் சார்," என்றாள் அம்மாள். "டப்பா நிறையட்டும்னு சும்மா இருந்திருப்பா."

"அஞ்சாவது தடவை குண்டூசி நெஞ்சுல ஏறிடுச்சு."

"தெரிஞ்சுதான் ஏத்தியிருப்பா."

அந்தப் பெண் இப்போது எங்கே என்று கேட்டான் ஸுல்ஹில்மி. சியா ரயில் நிலையக் கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லாரும் மாறிட்டாங்க தம்பி. அவ மட்டும் அப்படியேவா இருப்பா," என்று சொல்லிவிட்டு, குடையை ஊன்றிக்கொண்டு எதிரிலிருந்த காப்பிக் கடைக்குள் போய்விட்டார்.

அங்கிருந்து வாசல் நன்றாகத் தெரிந்தது. அம்மாளைக் கண்டதும் ஒருவர் அணைந்திருந்த போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசினார். ஒரு பெண் குனிந்து, கயிறே இல்லாத செருப்புக்குக் கயிறு கட்டினாள். அம்மாள் இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறி நின்று, அடுத்தவரைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்தவரும் போனார். மணி ஆறடிக்க இன்னும் பத்து நிமிடம்.

சியா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். ஐந்தாவது முறையாக வாசலுக்கு வந்து, பையிலிருந்த பேனாவை உருவினார்.

"எங்கே போடணும்?"

"விரலால போட்டாப் போதும் சார்," என்றாள் அம்மாள்.

ஸுல்ஹில்மி வந்து திரையைச் சரிபார்த்தான். "சம்பிரதாயத்துக்கு ஒரு கேள்வி அங்கிள். இவங்களை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

சியா நிமிர்ந்து, அரசாங்கக் குரலில் சொன்னார்: "தெரியாது. இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

ஸுல்ஹில்மி பச்சைப் பொத்தானை அழுத்தி, அம்மாளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்தான். அவள் சங்கத்தின் ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, சியாவின் சட்டைப் பை மேல் தேவைக்கு அதிகமாகவே அழுத்தி ஒட்டினாள்.

"வழியில மீன் வாங்கிட்டுப் போய்ச் சோறு வச்சிடு, ஆறரைக்கு வந்துடுவேன்," என்றாள் உதடு அசையாமல். "இதையும் சந்துக்குள்ள போய்க் கழட்டிட்டுத் திரும்ப வராத. இந்த வேலையில ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான்."