பழைய செட்டே போதும்

ஆ செங்கின் கார் ஸ்பீக்கர் கடைக்குக் காரோடு வருகிற எல்லாருக்கும் ஒரே வியாதிதான். கம்பெனி கொடுத்த ஸ்பீக்கரைக் கழற்றி எறி, கண்ணாடி அதிர்கிற மாதிரி ஒன்றை மாட்டு என்பார்கள். கழற்றிய பழைய செட்டை ஒருவராவது வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டுமே. தெலுக் இந்தானில் அவன் தவுக்கேயாக, அதாவது முதலாளியாக, கடை போட்ட இருபது வருஷத்தில் அவை பின்கட்டில் கூரை வரை ஏறிவிட்டன.

அந்தக் குவியலைத் தேடி வந்த முதல் ஆள், அன்று மதியம் மஞ்சள் மைவி காரில் வந்து இறங்கிய பெரியவர்தான்.

"தவுக்கே, உள்ள இருக்கிற எல்லாத்தையும் கழட்டிடு. வாங்கும்போது இருந்த மாதிரி பழைய செட்டையே மாட்டிக் குடு. அஞ்சு மணிக்குள்ள முடியணும்."

வெள்ளைக் குல்லா, இஸ்திரி போட்ட சட்டை. ஆளைப் பார்த்தால் பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்கிறவர் போலத்தான் இருந்தார். காருக்கும் அவருக்கும்தான் ஒட்டவேயில்லை. டிக்கியில் அண்டா அளவுக்கு இரண்டு ஊஃபர் ஸ்பீக்கர், அடியில் ஊதா விளக்கு. சீட்டை முன்னால் இழுக்கத் தெரியாமல் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து ஓட்டி வந்திருந்தார். பானெட்டைத் திறக்கச் சொன்னால் பெட்ரோல் மூடியைத் திறந்தார்.

"உங்க காரா பாக்சிக்?" என்று ஆ செங், பெரியவரை மலாயில் மாமா முறை வைத்து, சும்மா கேட்பதுபோல் கேட்டான்.

"என் காரு மாதிரிதான்," என்றார் பெரியவர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

ஆ செங் காரை மறுபடியும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். இந்தக் காரை ஊரில் யாருக்குத்தான் தெரியாது? அது பாலத்தைத் தாண்டும்போதே இவன் கடையில் ஸ்க்ரூ டப்பாக்கள் ஆட ஆரம்பித்துவிடும். ஓட்டுகிறவன் தலைக்குச் செம்பட்டைச் சாயம் பூசிய ஒரு இளவட்டம். அப்படியானால் இந்தக் கிழவர் யார்? யோசிக்க யோசிக்க அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மஞ்சள் மைவி ஊரில் நூறு ஓடுகிறது. சத்தத்தைக் கழற்றிவிட்டால் இது யார் கார் என்று எவனுக்குத் தெரியப்போகிறது? பலே கிழவர், நம்பர் பலகையை மாற்றுகிற கார் திருடன் எல்லாம் இவரிடம் பாடம் படிக்க வேண்டும் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டான்.

மெச்சி என்ன பயன்? மாட்டிக்கொள்ளப்போவது அவன்தானே. போன வருஷம் இப்படித்தான், யாரோ கொண்டுவந்த காரில் தெரியாத்தனமாகக் கை வைத்து, திருட்டுக் கார் என்று தெரிந்து, இரண்டு நாள் லாக்கப்பில் கொசுவுக்கு விருந்து வைத்தான். வெளியே விடும்போது போலீஸ் சார்ஜன் நஸ்ரி தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார்: இன்னொரு திருட்டுக் காரில் உன் ஸ்க்ரூடிரைவர் பட்டது தெரிந்தால், கடைக்குப் பூட்டு.

பெரியவரை உட்காரவைத்து, பக்கத்துக் கடையிலிருந்து கோப்பியும் பீசாங் கோரெங் வாழைப்பழ பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தான். பின்கட்டில் மைவி செட்டைத் தேடுகிற சாக்கில் சார்ஜனுக்குப் போன் போட்டு, திருட்டுக் கார் ஒன்று வந்திருக்கிறது, உடனே வாருங்கள் என்று கிசுகிசுத்தான். அப்புறம் வந்து ஒரே ஸ்க்ரூவை இருபது நிமிஷம் திருகிக்கொண்டிருந்தான். பெரியவர் இரண்டு தரம் கொட்டாவி விட்டார். திருடனுக்கு இவ்வளவு நிதானம் ஆகாது என்று ஆ செங்குக்கு ஆத்திரமாக வந்தது.

சார்ஜன் நஸ்ரி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஆ செங் ஓடிப்போய், தான் எதையும் கழற்றவில்லை, ஒரு ஸ்க்ரூவைத் திருகியதோடு சரி, அதையும் திரும்ப முடுக்கியாயிற்று என்று ஒப்பித்தான். சார்ஜன் காரைப் பார்த்தார். முகம் இறுகியது. நேராகப் பெரியவர் முன்னால் போய் நின்றார்.

"சாவி எப்படிக் கிடைச்சது?"

"சமையக்கட்டு ஜன்னல் வழியா," என்றார் பெரியவர், பீசாங் கோரெங்கைக் கீழே வைக்காமலே.

ஆ செங் கண்ணை மூடிக்கொண்டான். திறந்து பார்த்தபோது சார்ஜன் பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தவுக்கே, இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா? காருக்காரப் பையன் நைட் ஷிப்ட் முடிச்சுட்டுத் தூங்கறான். அஞ்சுக்கு எழுந்திருவான்."

"சார்ஜன், இது திருட்டுக் கார்," என்றான் ஆ செங்.

"எனக்குத் தெரியாதா? நான் அவனுக்கு எதிர் வீடு. நாலு அபராதச் சம்மன் குடுத்துப் பார்த்தேன், கட்டிட்டு இன்னும் சத்தமா வைக்கிறான். போன வாரம் எங்க தெருவுல கூட்டம் போட்டோம். காரைத் திருடிச் சத்தத்தை மட்டும் இறக்கிட்டுத் திரும்பக் கொண்டுபோய் விட்டுடணும்னு இந்தப் பாக்சிக்தான் தீர்மானம் கொண்டுவந்தாரு."

சார்ஜன் விரலில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டார்.

"பதினெட்டு வீட்டுக்காரங்களும் கை தூக்கினோம் தவுக்கே, சாவியை ஜன்னல் வழியா நீட்டின அவனோட அம்மா மட்டும் ரெண்டு கையையும் தூக்கினாங்க."