எழுதித் தராத வார்த்தை

மதுரை நகராட்சிப் பூங்காவில் சாயங்கால வெயில் கம்பத்தில் கட்டிய ரேடியோக் குழாயின் வாய்க்குள் மஞ்சளாய்த் தேங்கி நிற்கிறது. கீழே லத்தீபா முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு நிற்கிறாள். வீட்டோடு கோபித்துக்கொண்டு போன தம்பி சிக்கந்தர், திருச்சி வானொலி நிலையத்திலிருந்து நெசவைப் பற்றிப் பேசுகிறான். வருஷக்கணக்கில் கேட்காத குரல். “எழுதி ஒப்புதல் வாங்குன தாளைத்தான் படிக்கணும் தங்கச்சி. மேக்கொண்டு ஒரு வார்த்தை பேசுனா நிலையத்து அதிகாரி பேச்சை அமத்திருவாரு,” என்கிறார் ரேடியோவைப் பார்த்துக்கொள்ளும் லூர்துராஜ். பாவு நூல், ஊடு நூல் என்று வாசித்துவந்த குரல் தயங்குகிறது. “லத்தீபாக்கா, நான்…” குழாய் ஊமையாகிறது. பிறகு நாகஸ்வர இசைத்தட்டு ஒலிக்கிறது. “பெட்டிக்குத் தொண்டை கட்டிக்கிருச்சாண்ணே?” என்று கடலை கொறிப்பவர்கள் சிரிக்கிறார்கள். “இனிமே அந்தத் தம்பியப் பேசக் கூப்பிட மாட்டாக. வீட்டுக்குப் போத்தா,” என்கிறார் லூர்துராஜ். “அவன் இன்னும் சொல்லி முடிக்கலையேண்ணே,” என்று குழாயையே பார்த்து நிற்கிறாள்.