சாக்பீஸ் சத்தம்

பேராசிரியர் மாசிலாமணி கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் கிறீச்சிடும். அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டுதான் முதல் பெஞ்சில் இருந்த என்னைத் தினமும் திட்டுவார். முதல்வரிடம் புகார் கொடுத்தேன். வகுப்பின் வீடியோ பதிவைப் போட்டுப் பார்த்தார்கள், கிறீச்சுதான் கேட்டது. "வேற யாருக்காவது கேட்டுச்சாம்மா?" என்று மாசிலாமணி சிரித்தார். யாருக்கும் கேட்டிருக்கவில்லை. கடைசியில் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தது நான்தான்.

பதினோரு வருடம் கழித்து அதே கல்லூரியின் வீடியோ பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். பழைய பதிவுகளைச் செம்மைப்படுத்தும் இயந்திரம் வந்திருந்தது. இரைச்சலை அழிக்கும், மெல்லிய குரலைத் தூக்கிக் கொடுக்கும், பேசியதையெல்லாம் திரையில் எழுதிக் காட்டும். "என் பழைய வகுப்பைத்தான் காலேஜ் யூடியூப்ல முதல்ல போடணும்" என்று மாசிலாமணியே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். நான் ஒன்றையும் கூட்டவில்லை. சாக்பீஸ் சத்தத்தை இயந்திரம் துடைத்தது, அவ்வளவுதான்.

மறுநாள் போன் அலறியது.

"'உன் மூஞ்சிக்கு இன்ஜினியரிங் ஒரு கேடா, சுகிர்தா'ன்னு என் வீடியோவுல வருதும்மா! உடனே எடு! யாரு பேசறது?"

"சுகிர்தாதான் பேசறேன், சார். வேற யாருக்காவது கேட்டுச்சான்னு அன்னிக்குக் கேட்டீங்களே? காலையிலேர்ந்து நாலாயிரம் பேருக்குக் கேட்டிருக்கு."