மேட்டில் ஓர் ஆள் குறைந்தது

முப்பத்தொரு பேர் மேடேறியிருக்க வேண்டும். முப்பது பேர்தான் இருந்தோம்.

ஃபேபியோலா மறுபடியும் எண்ணினாள். சாந்தியாகோவில் எங்கள் கல்லூரி மாணவர் சங்கத்தின் சார்பில் இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவள் அவள்தான். சனிக்கிழமை காசாபிளாங்காவில் திராட்சைத் தோட்டம், ராத்தங்கல் வால்பராய்சோவில், ஞாயிறு மதியம் ஒரு மீனவ ஊர் என்று மணிக்கணக்குப் பிசகாமல் திட்டம் போட்டவளுக்கு இப்போது ஓர் ஆள் கணக்கு உதைத்தது.

குறைந்தவன் ஃப்ளாக்கோ.

ஒல்லிப்பயல் என்று அர்த்தம். மார்ச்சில் வகுப்பு தொடங்கிய அன்றே அப்படிக் கூப்பிடச் சொன்னான், கூப்பிட்டோம். சொந்தப் பெயர் என்னவென்று ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. இத்தனைக்கும் அவன் மேல் எனக்கு ஒரு கண் இருந்தது.

கால் மணி நேரத்துக்கு முன்பு பூமி ஆடியது. பூகம்ப நாட்டில் பிறந்த எங்களுக்கு அது புதிதா என்ன? தட்டு கீழே விழாமல் பிடித்துக்கொண்டு, இது ரிக்டரில் ஆறு, இல்லை ஆறரை என்று ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஆட்டம் நிற்கவில்லை. எழுந்தவர்களால் நிற்க முடியவில்லை. அப்புறம் எல்லோருடைய போனும் ஒன்றாக அலறியது. கடற்கரையை விட்டு மேட்டுக்குப் போகவும்.

ஃப்ளாக்கோதான் எங்களைத் தள்ளித் தள்ளி மேட்டுப் பாதையில் ஏற்றினான். வழி கேட்காமலே எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று கத்தினான். நான் செருப்பைத் தேடியபோது முதுகில் ஓர் அறை வைத்தான். இன்னும் எரிகிறது.

பிறகு திரும்பி, கீழே, கடலைப் பார்த்து ஓடினான்.

பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றான் ஒருவன். இந்த ஊருக்கு எல்லோரையும் இழுத்து வந்தது நான்.

போக வேண்டிய ஊருக்குச் சாலை அடைத்திருந்தது. போனில் பார்த்து நான்தான் இந்த ஊரைக் காட்டினேன். ஃப்ளாக்கோ மட்டும் வேண்டாம் என்றான். அங்கே ஒன்றுமே இல்லை, நேரே வீட்டுக்குப் போய்விடலாம் என்றான். ஏதோ பார்த்த மாதிரி பேசுகிறாயே என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வந்து இறங்கியதும் கரையில் கவிழ்க்காமல் கிடந்த ஒரு நீலப் படகு முன்னால் கும்பலாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். அதன் மூக்கில் மஞ்சள் எழுத்தில் ‘ஹெரெமியாஸ் அப்தோன்’ என்று இருந்தது. பைபிள் பெயர்களில் பாதியை ஒரே படகுக்கு வைத்துவிட்டார்கள் என்று சிரித்தோம். ஃப்ளாக்கோ படத்தில் நிற்கவில்லை. நான் எடுக்கிறேன் என்று எல்லோருடைய போனையும் வாங்கிக்கொண்டான்.

படகுக்காரக் கிழவர் பக்கத்திலேயே மீனை மாவில் பொதிந்து எம்பனாதா பொரித்து விற்றார். துணைக்கு ஆள் இல்லாததால் இப்போது கடலுக்குப் போவதில்லையாம். வலது கையில் இரண்டு விரல் இல்லை. அந்த இரண்டு விரலும் இந்த மாவுக்குள்தான் இருக்கும் என்று ஃப்ளாக்கோவின் காதில் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் கிழவருக்குக் கேட்டுவிட்டது. ஃப்ளாக்கோ சிரித்தான். கிழவரும் சிரித்தார்.

அப்புறம் அவனைப் பார்த்து, “தம்பிக்கு எந்த ஊரு?” என்று கேட்டார்.

சாந்தியாகோ என்றான், தலையைத் தூக்காமல்.

“பெரிய ஊருதான்,” என்று சொல்லி, அவன் தட்டில் மட்டும் ஒன்று கூடுதலாக வைத்தார். அவன் அதைத் தொடவில்லை.

இப்போது மேட்டிலிருந்து பார்த்தால் கரை ஏறக்குறைய காலியாக இருந்தது. தண்ணீர் பின்வாங்கத் தொடங்கியிருந்தது. எப்போதும் மூழ்கிக் கிடக்கும் பாறைகள் பாசியோடு வெளியே தெரிந்தன. ஏழெட்டுப் படகுகள் கரையை விட்டுக் கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தன.

இவர்களுக்கும் பைத்தியமா என்று நான் கத்தினேன்.

பக்கத்தில் கோழிக்கூண்டோடு உட்கார்ந்திருந்த ஊர்க்காரப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஆழத்துக்குப் போயிட்டா அலை தூக்கி இறக்கி விட்டுரும் பொண்ணு. படகு கரையில கெடந்தா வெறகுதான்.”

நீலப் படகுதான் கடைசி. கிழவர் ஒண்டியாளாக அதைத் தள்ளுவார், போகாமல் இருக்கமாட்டார், பிடிவாதக்காரர் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போதே எழுந்து நின்றுவிட்டாள்.

படகு நகர்ந்தது. பின்னால் இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளிய ஓர் ஒல்லி உருவம் தாவி ஏறியது. ஒரே இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கிழவர் முன்பக்கம் போய் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. யார் எங்கே உட்கார வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வெளியே கடல் ஒரு மேடாக எழும்பி வந்தது. படகு அதில் ஏறியது. மூக்கு வானத்தைப் பார்த்தது. பிறகு படகே இல்லை.

கோழிகள்கூடச் சத்தம் போடவில்லை.

அலைக்கு அந்தப் பக்கம் ஒரு நீலப் பொட்டு மேலே வந்தது. அதில் இரண்டு தலை.

எண்ணி எண்ணி மாளாமல் ஃபேபியோலா பையிலிருந்து பட்டியலை எடுத்திருந்தாள். முழுப் பெயராக வாசித்தாள். ஒவ்வொருவராகக் கை தூக்கினோம். இருபத்து மூன்றாவது பெயரில் அவள் குரல் தடுக்கி நின்றது. மறுபடி வாசித்தாள்.

“ஒலிவாரெஸ், ஹெரெமியாஸ் அப்தோன்.”

யாரும் கை தூக்கவில்லை. அந்தப் பெயர் எங்கள் எல்லோருடைய போனிலும் இருந்தது, மஞ்சள் எழுத்தில், எங்கள் இளிப்புக்குப் பின்னால்.

கீழே அலை வந்து எம்பனாதா அடுப்பை எடுத்துக்கொண்டு போனது.

“இருக்கான்னு போட்டுக்கோ ஃபேபி,” என்றேன். “அவன் அப்பாகூட இருக்கான்.”