ஏலத்துக்கு வந்த ஆயா

மெல்பேர்னிலிருந்து பலரட் போகும் வழியில் உள்ள பழைய மாளிகையின் புல்வெளியில், வெள்ளைக் கூடாரத்துக்குள் ஏலம் நடக்கிறது. சாப்பாட்டு மேசை ஒருவருக்கும் அதன் கதிரைகள் வேறொருவருக்குமாகப் போய்விட்டன. இப்போது இரண்டு பேர் பெரிய ஓவியம் ஒன்றைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். காற்றில் கூடாரத் துணி விலக, வெயில் அதன் மேல் விழுகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வரைந்த ஓவியம். முன்னால் பட்டுக் கவுனில் வெள்ளைக்காரத் துரைசாணி இருக்கிறாள். பின்னால், நிழலில், துரைசாணியின் குழந்தையை இடுப்பில் வைத்தபடி மூக்குத்தி போட்ட ஆயா நிற்கிறாள். அவளுடைய கண்கள் மட்டும் பார்ப்பவரை நேரே பார்க்கின்றன. "திருமதி ஹார்கோர்ட்டும் மகனும்" என்று ஏலக்காரர் ஓவியத்தின் பெயரை வாசிக்கிறார். முன்வரிசையில் இருக்கும் வியாபாரி பக்கத்திலிருப்பவரிடம் ஆங்கிலத்தில் சொல்கிறார்: "பிரேம் அருமையானது. படத்தை வெட்டி எறிந்துவிட்டு முகம் பார்க்கும் கண்ணாடி போடலாம்."

தேத்தண்ணிக் கோப்பைகள் வாங்க வந்த, இலங்கையில் பிறந்த தர்மினிக்கு அது கேட்கிறது. அவளுடைய கை உயர்கிறது. வியாபாரி விலையைக் கூட்டுகிறார். அவள் கையை இறக்கவில்லை. அவர் மறுபடியும் கூட்டுகிறார். அவளுடைய கை அப்படியே நிற்கிறது.

"என்னப்பா செய்யிறீர்? இவ்வளவு பெரிசை எங்க மாட்டுறது?" கணவன் கேதீஸ் அவளுடைய முழங்கையைத் தொடுகிறான்.

"ஹோல் சுவரில. அங்க மாட்டியிருக்கிற ரிவியைக் கழட்டுவம்."

வியாபாரி திரும்பி அவளையும் அவளுடைய மூக்குத்தியையும் பார்க்கிறார். பிறகு ஓவியத்திலுள்ள ஆயாவைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டி விலகிக்கொள்கிறார். ஏலக்காரரின் சுத்தியல் விழுகிறது; ஓவியம் தர்மினிக்கு. கேதீஸ் எழுந்து போய் ஓவியத்தின் ஒரு பக்கத்தைத் தாங்கிக்கொள்கிறான். அப்போதுதான் தர்மினி உயர்த்திய கையை இறக்குகிறாள்.